நிலமும் அறிவித்தற் பலகையும்

காணியின் எல்லையைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு கதியால் ஒரு சாண் அப்பால் நடப்பட்டதற்காக ஆண்டுக் கணக்கில் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களை எம்மிற் பலர் அறிவர். ஆயினும் அவ்வழக்குகளில் ஒரு தெளிவு இருந்தது. காணி இன்னாருடையது, வேலி இவ்விடத்தது, அத்துமீறியவர் இன்னார் என்று சுட்டிக் கூறலாம். எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று குடியேறி வாழும் இங்கிலாந்திலோ நிலவுரிமை பற்றிய புதுவகைப் பிணக்கொன்று வளர்ந்திருக்கின்றது. அங்கே வேலியும் இல்லை, கதியாலும் இல்லை. கம்பத்தில் ஒரு பலகையும் அதன் மேல் ஒரு புகைப்படக் கருவியுமே உள்ளன. கடைத்தொகுதியின் முற்றத்தில் மோட்டார் வண்டியை நிறுத்திச் சென்றவர் வீடு திரும்பிச் சில நாட் கழிந்த பின்னர் தபாலில் ஒரு கடிதம் வருகின்றது. அனுமதித்த நேரத்துக்கு மேல் வண்டியைத் தரித்தீர், ஆகையால் நூறு பவுண் செலுத்துக என்று அது கேட்கின்றது.

இக்கடிதத்தைப் பெறுவோர் பெரும்பாலும் இருவகையினர். அரசாங்கம் விதித்த தண்டம் என்று அஞ்சி மறுநாளே பணத்தைக் கட்டிவிடுவோர் ஒருசாரார். வெறும் ஏமாற்று வித்தை என்று கிழித்தெறிவோர் மற்றொருசாரார். இருசாராரும் தவறுகின்றனர். நிலச்சொந்தக்காரனுக்கு உள்ள உரிமை யாது, இல்லாத உரிமை யாது என்பதை அறியாமையே இரு தவறுகளுக்கும் காரணம். அதனை இயன்றவரை எளிதாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஈண்டுக் கூறப்படுவது பெரும்பாலும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். ஸ்கொத்லாந்தின் சட்டம் வேறு. உரோமன் டச்சுச் சட்டத்தைத் தழுவிய எமது நாட்டுச் சட்டமும் வேறு.

முதற்கண் இருவகை அறிவித்தல்களை வேறுபிரித்தறிதல் வேண்டும். நகரசபையின் ஆட்சிக்குட்பட்ட தெருவிலோ தரிப்பிடத்திலோ விதியை மீறினால், சபை விதிப்பது சட்டத்தினால் ஏற்பட்ட தண்டமாகும். 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து முகாமைச் சட்டம் அதற்கு ஆதாரம். அதனை எதிர்த்து முறையிடுவதற்குச் சுதந்திரமான நியாயசபையும் உண்டு. கடைத்தொகுதி, உணவுச்சாலை, தொடர்மாடிக் குடியிருப்பு முதலிய தனியார் நிலங்களில் ஒரு கம்பனி கேட்பதோ தண்டம் அன்று. ஒப்பந்தத்தின்படி தனக்குச் சேரவேண்டியது என்று அக்கம்பனி உரிமை கோரும் கடன் அது. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டின் பெயரும் பி.சி.என். என்னும் அதே மூன்று எழுத்துக்களாற் சுருக்கி வழங்கப்படுகின்றன. முன்னதில் முதலெழுத்துத் தண்டத்தைக் குறிக்கும், பின்னதில் தரிப்பைக் குறிக்கும். இவ்வொற்றுமையால் மயங்கிப் பணம் கட்டியோர் பலர்.

இனி நிலச்சொந்தக்காரனின் உரிமையை நோக்குவோம். அவனுடைய அனுமதியின்றி அவன் நிலத்தில் வண்டியை நிறுத்துவது அத்துமீறல் என்பதில் ஐயமில்லை. அத்துமீறியவன் மீது அவன் வழக்குத் தொடுக்கலாம். ஆயின் கிடைப்பது என்ன? உண்மையில் ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடு. நட்டம் யாதும் இல்லையாயின் பெயரளவில் ஒரு சிறு தொகை. ஒரு பிற்பகல் முழுவதும் முற்றத்தில் நின்ற வண்டியினால் இத்தனை பவுண் நட்டம் என்று காட்டுவது எளிதன்று. வழக்குச் செலவோ நட்டஈட்டைப் பன்மடங்கு விஞ்சிவிடும். தண்டிக்கும் அதிகாரம் அரசுக்கே உரியது, நிலம் உடைமையினால் மட்டும் எவனும் தண்டம் விதிப்பவன் ஆகான். உரிமை உண்டு, ஆனால் அதனை நிலைநாட்ட வசதியான வழி இல்லை. இந்த இடைவெளியிலேதான் பிற்காலத்துப் பிணக்குகள் எல்லாம் முளைத்தன.

அவ்விடைவெளியை நிரப்ப முதலிற் கையாளப்பட்ட கருவி இரும்புப் பூட்டு. வண்டியின் சில்லை அசையாதபடி பூட்டிவிட்டு, பணம் தந்தாற்றான் திறப்போம் என்றனர். இதற்கு நியாயம் தேடியோர் பழைய ஆங்கிலச் சட்டத்தின் விதியொன்றை எடுத்துக்காட்டினர். அயலானின் மாடு என் நிலத்துட் புகுந்து பயிரை அழித்தால், நட்டத்தை அவன் தரும்வரை மாட்டைப் பிடித்து அடைத்து வைக்கலாம் என்பதே அவ்விதி. கட்டாக்காலி மாடுகளோடு போராடிய எமது கமக்காரருக்கு இது விளங்காத நியாயம் அன்று. மாட்டுக்கு ஏற்ற விதி மோட்டார் வண்டிக்கும் ஏற்காதா என்ற வினா, ஆதர் - அங்கர் வழக்கில் 1995-ஆம் ஆண்டு ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. சும்மா நிற்கும் வண்டி பயிரை மேய்வதில்லை. ஆகவே நீதிமன்றம் அந்த ஒப்புமையைத் தன் முடிவுக்கு ஆதாரமாகக் கொள்ளவில்லை. ஆயினும் வேறொரு காரணத்தால் பூட்டியவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. பலகையைக் கண்டு, அதன் பொருளையும் அறிந்து, அதன் பின்னும் வண்டியை விட்டுச் சென்றவர், பூட்டப்படும் ஆபத்துக்குத் தாமே உடன்பட்டவர் ஆவர் என்பது அக்காரணம். கேட்கும் தொகை நியாயமானதாக இருத்தல் வேண்டும், பணம் தந்ததும் தாமதியாது பூட்டைத் திறத்தல் வேண்டும் என்ற வரம்புகளையும் நீதிமன்றம் விதித்தது.

அதே பூட்டை ஸ்கொத்லாந்து நீதிமன்றம் வேறு கண்கொண்டு நோக்கியது. பணம் தரும்வரை பிறர் பொருளைத் தடுத்து வைத்தல் பலவந்தமாகப் பணம் பறித்தலாகும், அது களவும் ஆகலாம் என்று 1992-ஆம் ஆண்டிலேயே அது தீர்த்துவிட்டது. ஒரே தீவில், ஒரே செயல், எல்லைக்கு வடக்கே குற்றம், தெற்கே உரிமை என்றாயிற்று.

உடன்பாடே அடிப்படை என்றால், பலகையைக் காணாதவரின் நிலை யாது? 2000-ஆம் ஆண்டு வைன் - வோல்தம் பொறஸ்ட் வழக்கில் இவ்வினா எழுந்தது. வைத்தியசாலையிலிருந்து மனங்கலங்கித் திரும்பிய ஒரு பெண்மணி, வழியிற் குமட்டல் எடுக்கவே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். சில நிமிடங்களில் திரும்பியபோது சில்லிற் பூட்டு விழுந்திருந்தது. பலகை அங்கே இருந்தது உண்மை. ஆனால் பக்கத்தில் நின்ற பெரிய வண்டியொன்று அதனை மறைத்திருந்தது. காணாத ஒன்றுக்கு உடன்பட்டார் என்று கூறல் இயலாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. நிலத்தவனின் உரிமை பலகையின் தெளிவில் தங்கியிருக்கின்றது என்ற கருத்து இவ்விடத்தில் உறுதிப்பட்டதை வாசகர் கவனிக்க.

ஈற்றிற் பாராளுமன்றம் தலையிட்டது. 2012-ஆம் ஆண்டின் சுதந்திரங்களின் பாதுகாப்புச் சட்டம், அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் தேதி தொட்டு, சட்டபூர்வமான அதிகாரமின்றிப் பிறர் வண்டியைப் பூட்டுதலையும் இழுத்துச் செல்லுதலையும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாக்கியது. இதன் மறுபக்கத்தையும் மறத்தல் ஆகாது. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர், தமது வீட்டு முற்றத்தில் அந்நியர் ஒருவரின் வண்டி நிற்கக் காண்கின்றார் என்று கொள்வோம். நிலம் அவருடையது, ஆவணமும் அவரிடம் உண்டு. ஆயினும் அவ்வண்டியை அவர் பூட்டினால் குற்றவாளி அவரே. வாயிலுக்குப் படலை போட்டு அடைப்பதே அவர் செய்யக்கூடிய சிறந்த காவல். அவ்வகையில் எமது வேலியும் படலையும் பழைமையானவை என்று எள்ளத் தக்கவையல்ல.

பூட்டு மறைய, அதன் இடத்தைக் கடிதம் பிடித்தது. கடிதத்தின் பின்னால் நிற்பது ஒப்பந்தச் சட்டம். பலகையில் எழுதியிருப்பது நிலத்தவர் பக்கத்து வாக்கு, அதனை வாசித்து அல்லது வாசிக்க வாய்ப்பிருந்தும் உள்ளே வண்டியை நிறுத்துவது மற்றவரின் சம்மதம் என்பது அதன் தருக்கம். ஆகவே நிபந்தனையானது ஒப்பந்தம் முடிவதற்கு முன்னரே தெரிவிக்கப்படல் வேண்டும். தரிப்பிடத்தைப் பற்றியே எழுந்த ஒரு பழைய வழக்கில், 1970 டிசம்பரில், டெனிங் பிரபு இதனைத் தெளிவுறுத்தினார். இலண்டனில் தானியங்கித் தரிப்பிடம் ஒன்றினுள் வண்டியைச் செலுத்திய தோர்ண்டன் என்பாருக்கு இயந்திரம் ஒரு சீட்டை நீட்டியது. உள்ளே ஒட்டப்பட்ட நிபந்தனைகளுக்கு அமைய என்று சீட்டிற் பொறித்திருந்தது. பின்னர் விபத்தில் அவர் காயமுற்றபோது, காயத்துக்கு நாம் பொறுப்பில்லை என்ற நிபந்தனையைக் கம்பனி காட்டியது. இயந்திரத்தோடு வாதாடவோ திரும்பிப் போகவோ இயலாத நிலையிற் கைக்கு வந்த சீட்டுக் காலம் பிந்தியது, அது அவரைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பு.

அடுத்த தடை தொகையைப் பற்றியது. ஒப்பந்தத்தை மீறியவனிடம் நட்டத்துக்கு ஈடு பெறலாமேயன்றி, அவனை அச்சுறுத்துவதற்கென அமைத்த தண்டத்தைப் பெறலாகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் நெடுங்கால விதி. டன்லப் கம்பனியின் ரயர்களைப் பற்றி 1914-இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு, ஏற்படக்கூடிய நட்டத்தை முன்கூட்டி நேர்மையாக மதித்த தொகையா அல்லவா என்று பார்க்கும் முறையை நிலைநாட்டியது. ஒரு நூற்றாண்டு காலம் அதுவே அளவுகோலாயிற்று. தனியார் தரிப்புக் கட்டணத்தை எதிர்த்தோரும் அதனையே கையில் ஏந்தினர். இலவசமாக வண்டி நிறுத்தும் இடத்தில் சற்று நேரம் கூட நின்றதால் எண்பது நூறு பவுண் நட்டம் ஏது என்று அவர்கள் வினவினர்.

இவ்வினாவுக்கு முடிவு கூறியது பார்க்கிங் ஐ - பீவிஸ் வழக்கு. செம்ஸ்போர்ட் நகரில் ஆற்றங்கரைக் கடைத்தொகுதி ஒன்றின் தரிப்பிடத்தில் இரண்டு மணி நேரம் இலவசம். அதற்கு மேற்பட்டால் 85 பவுண், பதினான்கு நாட்களுட் கட்டினால் 50 பவுண். இதனைப் பெரிய எழுத்திற் கூறும் பலகைகள் ஏறக்குறைய இருபது இருந்தன. 2013 ஏப்பிரில் 15-ஆந் தேதி ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார். நிலம் ஓர் ஓய்வூதிய நிதிக்கு உரியது. அதனை நிருவகித்த கம்பனிக்கு நிலத்தில் உரித்து ஏதும் இல்லை. நிருவகிப்பதற்காக அது கூலி பெறவும் இல்லை. மாறாக நிலச்சொந்தக்காரருக்கு வாரந்தோறும் 1,000 பவுண் அதுவே கொடுத்து வந்தது. அத்தரிப்பிடத்தில் அதற்கு வருவாய், நேரம் பிந்தியோர் கட்டும் பணம் மட்டுமே. எல்லோரும் நேரந் தவறாது வெளியேறினால் கம்பனிக்கு நட்டம், விதியை மீறுவோர் பெருகினால் இலாபம். விதியைக் காப்பவரே அதன் மீறலால் வாழும் இவ்விசித்திரத்தில்தான் பொதுமக்களின் மனக்கசப்பு வேரூன்றியிருக்கின்றது.

2015 நவம்பர் 4-ஆந் தேதி ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் ஆறு நீதியரசர் ஒருபக்கமும் ஒருவர் மறுபக்கமுமாகக் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நட்டத்தின் மதிப்பீடா என்று மட்டும் பார்த்தல் போதாது, அத்தொகையைக் கோருவதில் நியாயமான அக்கறை உண்டா, தொகை அவ்வக்கறைக்கு முற்றிலும் பொருந்தாத அளவுக்கு மிஞ்சியதா என்று பார்த்தல் வேண்டும் என நீதிமன்றம் கூறியது. சிலர் நாள் முழுவதும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் கடைக்கு வர இடமிராது. ஆகவே வண்டிகள் மாறி மாறி வந்து செல்வதில் நிலத்தவருக்கும் கடைக்காரருக்கும் கொள்வோருக்கும் ஒருங்கே நன்மை உண்டு. 85 பவுண் நகரசபைகள் விதிக்கும் தண்டத்தோடு ஒப்பிடத்தக்கது, பலகைகளும் தெளிவானவை. மாறுபட்ட நீதியரசர் டூல்சன் பிரபு, கொள்வோரைப் பாதுகாக்கும் நியாயமற்ற நிபந்தனை விதிகளின் கீழ் இது செல்லாது என்று கருதினார். பெரும்பான்மையோரின் தீர்ப்பே சட்டமாயிற்று.

இத்தீர்ப்பினால் ஒவ்வொரு கடிதமும் செல்லுபடியாகும் என்று கருதுவது பெரும் பிழை. பலகை மறைந்திருந்தால், எழுத்துச் சிறிதாயிருந்தால், நிலத்தவர் கம்பனிக்கு அதிகாரம் கொடாதிருந்தால், முடிவு வேறாகலாம். வண்டியின் பதிவுச் சொந்தக்காரரைப் பற்றியும் தனி விதி உண்டு. ஒப்பந்தம் செய்தவர் வண்டியை ஓட்டியவர், பதிவுச் சொந்தக்காரர் வேறொருவராகலாம். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாலாம் அட்டவணை, ஓட்டியவரின் பெயரும் முகவரியும் தெரியாதவிடத்து, சில நிபந்தனைகள் நிறைவேறினால் பதிவுச் சொந்தக்காரரிடம் பணத்தைக் கேட்கலாம் என்கின்றது. கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டப்படாது புகைப்படத்தைக் கொண்டு மட்டும் கேட்பதாயின், தரித்த நாளின் மறுநாளிலிருந்து பதினான்கு நாட்களுட் கடிதம் சேர்தல் வேண்டும். பிந்தினால், இச்சட்டத்தைக் காட்டிப் பதிவுச் சொந்தக்காரரைப் பொறுப்பாக்க இயலாது. முகவரியைக் கொடுப்பது அரசாங்கத்தின் வண்டிப் பதிவு அலுவலகம். ஒரு முகவரிக்கு 2.50 பவுண் வீதம் அது பெறுகின்றது. அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் இவ்வாறு கொடுக்கப்பட்டன என்றால், இப்பிணக்கின் பருமனை ஊகித்துக் கொள்ளலாம்.

சொந்தக் குடியிருப்பிலேயே இக்கடிதத்தைப் பெறுவோரும் உளர். எமது ஊர் உறுதிகளில் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்படுவதை நாம் அறிவோம். பின்வந்த ஒருவர் பாதையில் ஒரு பலகையை நட்டுவிட்டு அவ்வுரித்தை அழித்துவிட முடியுமா? 2016-ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் மாவட்ட நீதிமன்றத்தில் மேன்முறையீடாக வந்த ஜொப்சன் வழக்கு இத்தகையது. தொடர்மாடியில் வாழ்ந்த ஒருவர் கனமான தளபாடம் ஒன்றை இறக்குவதற்காக வாயிலருகிற் சில நிமிடம் வண்டியை நிறுத்தினார். கம்பனி பணம் கேட்டது. பொருள் இறக்கச் சற்று நிற்பது தரித்தல் ஆகாது, குடியிருப்பவரின் குத்தகை உறுதி அளித்த வழியுரிமையைப் பின்னர் நட்ட பலகை குறைக்கவும் மாட்டாது என்று நீதிபதி தீர்த்தார். ஆகவே தொடர்மாடியில் வீடு வாங்கியோர் முதலில் தமது உறுதியை எடுத்து வாசித்தல் நன்று.

சீர்திருத்த முயற்சிகளும் நடந்துள்ளன. ஒரே ஒழுக்கக் கோவை வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2022 பெப்ரவரியில் அரசாங்கம் கோவையை வெளியிட்டது. தொகையைக் குறைத்ததை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் செல்லவே, அவ்வாண்டு யூன் மாதத்தில் அதனை மீட்டுக்கொண்டது. 2024-இல் கம்பனிகளின் இரு சங்கங்களும் தாமே ஒரு பொதுக் கோவையை வகுத்தன. 100 பவுண் மேலெல்லை, பதினான்கு நாட்களுட் கட்டினால் நூற்றுக்கு நாற்பது வீதம் கழிவு என்பன அதிற் காணப்படுவன. 2025 யூலையில் அரசாங்கம் மீண்டும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

இனி, கடிதத்தைப் பெற்றவர் செய்யத்தக்கது யாது? அனுப்பியது நகரசபையா கம்பனியா என்று பார்க்க. திகதிகளை எண்ணுக. கூடுமாயின் அவ்விடத்துக்கு மீண்டும் சென்று, பலகைகள் வண்டியில் இருந்தவருக்குத் தெரிவனவா என்று படம் எடுத்து வைக்க. கடைக்கு வந்தவராயின் பற்றுச்சீட்டுடன் கடைக்காரருக்கு எழுதுக. நிலத்தவரோ கடைக்காரரோ சொன்னால் கம்பனி கோரிக்கையைக் கைவிடுவதும் உண்டு. அடுத்துக் கம்பனிக்கு முறையிட்டு, அது மறுத்தால் அதன் சங்கம் ஏற்படுத்திய முறையீட்டுச் சபைக்குச் செல்க. கடன் அறவிடுவோர் என்ற பெயரில் வரும் கடிதங்களுக்கு வீட்டுப் பொருளைப் பறிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வரும் அழைப்பை ஒருபோதும் அலட்சியம் செய்தல் ஆகாது. மறுமொழி கொடாதவர் மீது தீர்ப்பு விழும். ஒரு மாதத்துட் கட்டாவிட்டால் அது ஆறு ஆண்டுகள் பதிவேட்டில் நின்று, வீட்டுக் கடன் கேட்கும் நாளிற் குறுக்கே வரும். நேரம் பிந்தியது உண்மை, பலகையும் தெளிவு என்று தம் மனச்சான்று கூறுமாயின், கழிவுக் காலத்துட் கட்டிவிடுதலே நேர்மையும் சிக்கனமும் ஆகும்.

இவ்வழக்குகளை எல்லாம் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நிலமுடையவன் தன் நிலத்துக்கு நிபந்தனை விதிக்கலாம், அதனைக் காக்க நியாயமான விலையும் கூறலாம். ஆனால் அந்நிபந்தனையை வருபவன் அறியுமாறு முன்னரே சொல்லிவிடுவது அவன் கடமை. வருபவனும் சொல்லப்பட்டதை வாசித்து நடத்தல் வேண்டும். சட்டம் பயில விரும்பும் எமது மாணவர் இச்சிறு வழக்குகளை அற்பமென்று ஒதுக்காதிருப்பாராக. எண்பத்தைந்து பவுண் பற்றிய பிணக்கொன்று, நூறாண்டு நிலைத்த அளவுகோலையே மாற்றியமைத்தது. வேலி அடைத்த காலத்தில் எல்லையைக் கண் காட்டிற்று. வேலியற்ற முற்றத்தில் எல்லையைச் சொல்தான் காட்டவேண்டும். அச்சொல் தெளிவாயிராதவிடத்து நிலத்தவனின் உரிமையும் தெளிவாயிராது.